விளிம்பில் ‘61 பயனியர்ஸ்’ என்றுள்ள முதல் உலகப் போர்ப் பதக்கம்: ஆளைத் தேடுவது எப்படி?

வெள்ளிப்பெட்டி:
பழம்பொருள் கடையில் வாங்கிய வெள்ளிப் பதக்கம். முன்புறம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, பின்புறம் குதிரை மேல் ஒருவன், 1914, 1918. விளிம்பில் நான்கு இலக்க எண், சிப்பாய் என்ற பதவி, ஒரே சொல்லில் ஒரு தமிழ்ப் பெயர், ‘61 பயனியர்ஸ்’. நாடா இல்லை. நன்றாகக் கறுத்திருக்கிறது, துலக்கலாமா? இவரைப் பற்றி எதுவரை தெரிந்துகொள்ள முடியும்?

உப்பளம்:
தயவுசெய்து துலக்காதீர்கள். பிராசோ போட்டுத் தேய்த்தால் முதலில் போவது விளிம்பு எழுத்துதான். அது போனால் வெறும் வெள்ளிதான் மிஞ்சும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து விளிம்பைச் சுற்றிப் படம் எடுங்கள், மங்கிய இலக்கங்களும் தெரியும். 3, 8 இரண்டும் குழப்பும், அதனால் இரண்டு மூன்று கோணங்களில் எடுப்பது நல்லது.

அடுத்து காலிப்பரால் நான்கைந்து இடங்களில் விட்டத்தை அளந்து பாருங்கள். 36 மி.மீ. இருக்க வேண்டும். எழுத்து உள்ள பக்கம் மட்டும் குறைந்தால் பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அரசு போட்ட பெயர் அச்சால் அடித்தது. கையால் செதுக்கியது போல் கீறல் கோடுகள் தெரிந்தால் நம்பாதீர்கள்.

மணல்மேடு:
வெள்ளியாக இருப்பதே ஒரு தகவல். சுமை தூக்க, மண் வெட்ட என்று தொழிலாளர் படைகளில் போனவர்களில் பலருக்கு இதே பதக்கம் வெண்கலத்தில்தான் கிடைத்தது.

61 என்பது சென்னைப் படையைச் சேர்ந்த 61ஆவது கிங் ஜார்ஜஸ் ஓன் பயனியர்ஸ். பயனியர் என்றால் துப்பாக்கியோடு மண்வெட்டியும் தூக்கிய காலாட்படை: சாலை போடுவது, அகழி வெட்டுவது, தேவைப்பட்டால் போரிடுவது. 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிய படையில் இதுவும் உண்டு, 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் உண்டு. உங்கள் சிப்பாயும் டாங்காவில் இருந்தார் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள், பின்னால் சேர்ந்தவராகவும் இருக்கலாம். ‘1914-15 நட்சத்திரம்’ என்ற இன்னொரு பதக்கம் அதே எண்ணோடு கிடைத்தால்தான் 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போனவர் என்பது உறுதி. விற்பவர்கள் ‘1914 நட்சத்திரம்’ என்று காட்டினால் ஏமாறாதீர்கள். அது பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இருந்தவர்களுக்கு மட்டும்.

உப்பளம்:
தேடும்போது எண்ணையும் படைப்பிரிவையும் பிரிக்கக் கூடாது. ஒவ்வொரு ரெஜிமென்டும் தனித்தனியாக எண் போட்டது, அதே எண் இன்னொரு ரெஜிமென்டில் வேறொருவருக்கு இருக்கும். பெயரை மட்டும் நம்பவே முடியாது. முனுசாமியை எழுத்தர்கள் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதினார்கள்.

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். இலவசம்தான். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு எண்ணையும் ரெஜிமென்டையும் மட்டும் போடுங்கள். கிடைத்தால் பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும்கூட இருக்கும். ஆனால் 4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரை இறந்தவர்கள் மட்டுமே அதில் உண்டு.

வெள்ளிப்பெட்டி:
சுற்றிலும் 36 மி.மீ., எழுத்து அச்சடித்ததுதான். ஆணையத்தின் தளத்தில் அதே பெயரில் இருவர் வருகிறார்கள், எண் யாருக்கும் பொருந்தவில்லை.

மணல்மேடு:
அப்படியானால் இருவரையும் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் உயிரோடு திரும்பியவர். இனி தனிமனிதரை விட்டுப் படைப்பிரிவைத் தொடருங்கள். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூஓ 95 என்ற கோப்பு வரிசையில், படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. அதிகாரிகளைப் பெயர் சொல்லி எழுதியிருப்பார்கள், சிப்பாய்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான். இருந்தாலும் எந்த நாளில் எந்தச் சாலையில் வேலை செய்தார்கள் என்பது கிடைக்கும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் ரெஜிமென்ட் பெயரைப் போட்டும் பாருங்கள். 1922க்குப் பிறகான தாள்களுக்கு ‘61’ என்று தேடினால் வராது, அந்த ஆண்டு சீரமைப்பில் அது மெட்ராஸ் பயனியர்ஸ் ஆகிவிட்டது. லாகூரில் உள்ள பதிவேடுகளை யாராவது சொல்வார்கள், அவை பஞ்சாப் ஆட்களுக்கானவை, இவருக்கு உதவாது.