நாலு சைபர் ஸ்டீல் வுல் போட்டா ப்ளூயிங்ல கீறல் விழுமா விழாதா

கருங்குழல்:
பழைய துப்பாக்கில லேசா துரு இருந்தா எண்ணெய் விட்டு ஸ்டீல் வுல்லால (பஞ்சு மாதிரி இருக்கற மெல்லிய இரும்பு இழை) தேய்ங்க, ப்ளூயிங்ல, அதாவது துப்பாக்கி இரும்பு மேல இருக்கற கருநீலப் படலத்துல, ஒரு கீறல் கூட விழாதுன்னு நாலுசைபர் நேத்து அடிச்சு விட்டிருக்கார். இரும்பை இரும்பால தேய்ச்சா கீறல் விழாதாம்! நம்பி யாரும் பொருளைப் பாழாக்கிடாதீங்க.

நாலுசைபர்:
முழுசா படிச்சீங்களா, பாதிலயே கொதிச்சிட்டீங்களா? 0000 நம்பர், அதாவது ரொம்ப மெல்லிசான ரகம்னு தெளிவா போட்டிருக்கேன், பாத்திரம் தேய்க்கிற கம்பிச்சுருள் இல்ல. முதல்ல துப்பாக்கி, தோட்டா உக்கார்ற சேம்பர் உட்பட, காலியான்னு பாக்கணும், அப்புறம் எண்ணெய் தடவி ராத்திரி முழுக்க கூட ஊற விடலாம், அப்புறம் விரல் பாரம் மட்டும் வச்சு தேய்ச்சு, எண்ணெய் பழுப்பானா துடைச்சிட்டு புது எண்ணெய். ப்ளூயிங்னா மேக்னடைட், கருப்பு ஆக்சைடு. ஸ்டீல் வுல்லோ சாதா மெது இரும்பு. மெதுவானது கடினமானதை எப்படி கீறும், நீங்களே சொல்லுங்க.

கருங்குழல்:
அப்போ தோல் உறைல போட்டுப் போட்டு எடுத்தே குழல் நுனி வெளுத்துப் போகுதே, தோல் மேக்னடைட்டை விட கடினமா சார்?

நாலுசைபர்:
அது வருஷக்கணக்கா உரசினது. நான் சொல்றது பத்து நிமிஷ வேலை.

ஓரமா_நிக்கிறேன்:
எந்த ப்ளூயிங் பத்தி பேசறீங்க? துரு பிடிக்க வச்சு கருப்பாக்கற ரஸ்ட் ப்ளூவா, சூடான உப்புக் கரைசல்ல முக்கி எடுக்கறதா? நிக்கல் முலாம்னா இந்த வுல்லே ஆகாது, கேஸ் ஹார்டனிங் (மேல்பரப்பை மட்டும் கடினமாக்கறது) பண்ணும்போது வர்ற நிறம்னா லேசா தேய்ச்சாலே போயிடும். "லேசான துரு"ன்னா எவ்வளவுன்னும் யாரும் சொல்லலையே.

கருங்குழல்:
எந்த ப்ளூயிங்கா இருந்தாலும் கீறல் கீறல்தான்.

வெண்கலப்பிரியன்:
வெண்கல வுல் வாங்கிட்டு நிம்மதியா இருங்கப்பா. காந்தம் வச்சுப் பாத்து வாங்குங்க, ஒட்டினா வெறும் பூச்சுதான். ஸ்டீல் வுல்லோட துணுக்கு இடுக்குல மாட்டினா அதுவே துரு பிடிக்கும்.

நாலுசைபர்:
ரஸ்ட் ப்ளூயிங் பண்றவங்க ஒவ்வொரு தடவையும் கொதிக்கிற தண்ணில போட்டு சிவப்புத் துருவை கருப்பாக்கி, மேல நிக்கிற தூளை எதால எடுக்கறாங்க? எண்ணெய்ப் பசை போக்கின நாலு சைபர் ஸ்டீல் வுல்லால நிறைய பேர் எடுக்கறாங்க. ப்ளூயிங்கை உண்டாக்குறவனே அதைத்தான் போடறான், இங்க உக்காந்து கீறல் கீறல்னு ஒப்பாரி.

கருங்குழல்:
அவன் அடுக்கு மேல அடுக்கு ஏத்துறான், நீங்க இருக்குறதை சுரண்டுறீங்க. துருத் தூளே தேய்க்கிற பொடிதான், நகைக்கு பாலிஷ் போடற ரூஜ் எதுல செஞ்சது? இரும்பு ஆக்சைடு! அது வுல்லுக்கு அடியில மாட்டினா கீறாம கொஞ்சுமா?

நாலுசைபர்:
அதுக்குத்தான் எண்ணெயை மாத்தச் சொன்னேன், அதையும் படிக்கல. போன வருஷம் வினிகர்ல முக்குங்கன்னு உபதேசம் பண்ண ஆள்தானே நீங்க? அமிலத்துக்கு சிவப்பு ஆக்சைடு, கருப்பு ஆக்சைடு ரெண்டும் ஒண்ணுதான், ப்ளூயிங்கை சேத்தே கழுவிடும்.

கருங்குழல்:
அது ஸ்க்ரூவுக்கு சொன்னது!

நாலுசைபர்:
ஸ்க்ரூவுக்கு ப்ளூயிங் கிடையாதா? அடடா.

எண்ணெய்க்கிண்ணி:
எதுக்கு இவ்ளோ, டபிள்யூடி 40 ஸ்ப்ரே அடிச்சு துடைச்சா முடிஞ்சுது.

வெண்கலப்பிரியன்:
அது தண்ணியை விரட்டறதுக்கு வந்தது தம்பி, பேர்லயே இருக்கு, வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட், 40வது கலவை. அடிச்சிட்டு அப்படியே பெட்டில வச்சு மாசக்கணக்கா மறந்தா மறுபடி துருதான்.

எண்ணெய்க்கிண்ணி:
மறக்கச் சொன்னது யாரு? எனக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல.

நாலுசைபர்:
எண்ணெய் சண்டையை தனியா வச்சுக்கோங்க. கருங்குழல் சார், நாலு சைபர் வுல், எண்ணெய், விரல் பாரம், இது மூணும் இருந்து கீறல் விழுந்த ஒரே ஒரு படம் போடுங்க.

கருங்குழல்:
போட்டா வெளிச்சம் சரியில்லைம்பீங்க. நீங்க தேய்க்கிறதுக்கு முன்னாடி எடுத்த படம் எங்க?

நாலுசைபர்:
முதல்ல நான்தான் கேட்டேன்.