அடுத்தவன் நம்புவதை ஏஜெண்ட் எப்படிக் கணக்கில் எடுக்கும்?

பாளை மாணவி:
கடைசி வருட புராஜெக்ட். கட்டம் போட்ட வரைபடத்தில் ஒரு அல்வாக் கடை, உள்ளே ரெண்டு ஏஜெண்ட், அதாவது தானே பார்த்து முடிவெடுத்து நடமாடுகிற புரோகிராம்கள். முத்து பார்சலை மேசையில் வைத்துவிட்டுக் குடோனுக்குப் போகிறான், அந்த நேரம் செல்வி அதை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் முத்து எங்கே தேடுவான் என்று செல்வியிடம் கேட்டால் அலமாரி என்கிறாள், தனக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்கும் தெரியும் போல. நிறைய உதாரணம் கொடுத்தால் சரியாகுமா, கோடிங்கையே மாற்றணுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

அம்பை அண்ணாச்சி:
கோடிங்கைத்தான் மாற்றணும் தங்கச்சி. உளவியல்காரர்கள் விம்மரும் பெர்னரும் 1983-ல் குழந்தைகளுக்கு வைத்த சோதனைதான் இது, அங்கே அல்வாவுக்குப் பதில் சாக்லேட். மூணு வயசுப் பிள்ளைகள் பெரும்பாலும் உன் செல்வி மாதிரியே பதில் சொல்லும். நிஜமாக எது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு டேபிள் வை, முத்து நம்புவதற்கு இன்னொரு டேபிள், இந்த ரெண்டாவதையும் செல்வியே வைத்திருக்கணும். முத்து நின்ற கட்டத்திலிருந்து எது கண்ணில் பட்டதோ அதை மட்டும் அதில் திருத்து. குடோனுக்குள் இருந்தவனுக்குப் பார்சல் இன்னும் மேசையில்தான். செல்வி தன்னைப் பற்றி நினைப்பதை முத்து எப்படி நினைக்கிறான் என்று அடுக்கிக்கொண்டே போகாதே, ரெண்டு அடுக்கோடு நிறுத்து.

வண்ணார்பேட்டைக்காரன்:
அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் முத்து எதைப் பார்த்தான் என்றே செல்விக்குத் தெரியாவிட்டால்? அப்போது அவன் நடையை வைத்துப் பின்னோக்கி ஊகிக்கணும்: நேரே மேசைக்குப் போகிறான் என்றால் பார்சல் அங்கே இருப்பதாக நம்புகிறான். பேக்கர், சாக்ஸ், டெனன்பாம் என்ற ஆய்வாளர்கள் இதைப் பேயீசியன் கணக்காகவே (கண்ணில் பட்டதை வைத்து எது எவ்வளவு சாத்தியம் என்று திருத்திக்கொண்டே போகிற கணக்கு) செய்திருக்கிறார்கள். 2018-ல் கூகுளின் ஏஐ நிறுவனமான டீப்மைண்டில் ராபினோவிட்ஸ் குழு, மற்ற ஏஜெண்டுகளின் நடையைப் பார்த்தே அவை தப்பாக நம்புவதையும் பிடிக்கிற நியூரல் நெட்வொர்க்கை (டேட்டாவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் புரோகிராம்) பழக்கினார்கள். அதற்கு ஏகப்பட்ட ஏஜெண்டுகளை ஓடவிட்டு டேட்டா சேர்க்கணும், புராஜெக்டுக்குத் தாங்காது.

பாளை மாணவி:
இதே கதையை ஒரு சாட்பாட்டிடம் கேட்டேன், டக்கென்று மேசை என்றதே?

அம்பை அண்ணாச்சி:
இந்த மாதிரிக் கதை இணையம் பூரா கிடக்கு, அதை வைத்து ஒண்ணும் சொல்ல முடியாது. டோமர் உல்மன் என்ற ஆய்வாளர் 2023-ல் ஜிபிடி 3.5 என்ற மொழி மாடலுக்கு இதே வகைக் கேள்வி வைத்தார்: பை நிறைய பாப்கார்ன், மேலே சாக்லேட் என்று லேபிள். பை உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் என்று சொன்ன பிறகும், பார்ப்பவள் சாக்லேட் இருப்பதாகவே நம்புவாள் என்றது அது. நீயும் குடோன் சுவரில், மேசையும் அலமாரியும் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல் வைத்து, முத்துவை அங்கேயே நிறுத்தி ஓட்டிப் பாரு. செல்வி அப்பவும் மேசை என்றால் பார்வைக் கணக்கில்தான் கோளாறு, முதலில் அதைச் சரி பண்ணு.