‘மரபணு முத்திரை’யா, ‘பெற்றோர்த்தடம்’ஆ: ஜெனோமிக் இம்ப்ரிண்டிங் குறித்து

ஐயா, வணக்கம்.

ஒரு மரபணு தாய்வழி வந்ததா, தந்தைவழி வந்ததா என்பதைப் பொறுத்து வேறு மாதிரி வெளிப்படுவதே ஜெனோமிக் இம்ப்ரிண்டிங். அதற்கு நீங்கள் சொன்ன ‘மரபணு முத்திரை’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது; மக்காச்சோள மணியில் வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. 1970இல் ஜெர்ரி கெர்மிக்கிள் ஆராய்ந்த ஆர்1 மரபணுவையே எடுத்துக்கொள்வோம். நிறம் தரும் அல்லீல் (மரபணுவின் ஒரு மாற்று வடிவம்) தாயிடமிருந்து வந்தால் அலூரோன் படலம் முழுக்க நிறம் ஏறும். அதே அல்லீல் மகரந்தம் வழியே வந்தால் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். கருவூணில் (கருவுக்கு உணவூட்டும் திசு; அலூரோன் அதன் வெளி அடுக்கு) தாய் தந்த நகலான தாய்ப்படி இரண்டு, தந்தைப்படி ஒன்று என்பதால், இது வெறும் அளவு வித்தியாசம் என்று தோன்றும். பி-குரோமோசோம் இடமாற்றம் (ஒரே விந்தணுவுக்கு இரு படிகள் தரும் உத்தி) கொண்டு தந்தைவழியே இரண்டு படிகளைச் செலுத்தியபோதும் திட்டுதான் வந்தது. ஆக, எண்ணிக்கை அல்ல, வந்த வழிதான் காரணம். அந்த ‘வழி’ உங்கள் சொல்லில் இல்லை. தடயவியலின் ‘மரபணு ரேகை’யோடு வேறு குழம்பும்.

முத்திரை என்றால் குத்துவது. இங்கே பல மரபணுக்களில் நடப்பது அழிப்பு: பின்னர் கருவூணாகும் மைய செல்லில், கருவுறும் முன்பே, டிமீட்டர் வகை நொதிகள் தாய்ப்படியின் டிஎன்ஏமேல் ஒட்டிய மெத்தில் என்ற வேதிக் குறிகளை நீக்கிவிடுகின்றன, தந்தைப்படியில் அவை அப்படியே தங்குகின்றன.

என் முன்மொழிவு ‘பெற்றோர்த்தடம்’. ‘தடம் பதிந்த மரபணு’ என்று வினையாகவும் வளையும். (‘வழித்தடம்’ என்று மட்டும் சுருக்க வேண்டாம், பேருந்து வந்துவிடும்.)

---

அம்மா, தடம் எனக்குச் சம்மதம். ஆனால் தாய்த்தடம், தந்தைத்தடம் என்று கிளை பிரிக்காதீர்கள். ஆங்கிலத்தில் ‘மெட்டர்னலி இம்ப்ரிண்டட்’ என்றால் தாய்ப்படி அடங்கியது என்று பொருள். மாணவர் நேரெதிராகப் படிப்பார். ‘தாய்ப்படி வெளிப்படும் மரபணு’, ‘தந்தைப்படி வெளிப்படும் மரபணு’ என்றே எழுதுவோம். மக்காச்சோளத்தின் எஃப்ஐஇ1, எம்இஇஸட்1 மரபணுக்கள் இரண்டும் முதல் வகை.

வரையறையில் இன்னொன்றும் வேண்டும். பி73, எம்ஓ17 என்ற இரு மக்காச்சோளத் தூய வரிசைகளை எடுப்போம். பி73 தாய், எம்ஓ17 தந்தை என்று ஒரு கலப்பு. இடம் மாற்றி இன்னொன்று. தடம் இல்லாத மரபணுவில், கருவூண் வெளிப்பாட்டில் பி73 படியின் பங்கு முதல் கலப்பில் 67%, இரண்டாவதில் 33% அருகே நிற்கும். இரண்டிலுமே பி73 மிகுந்து நின்றால் அது அல்லீலின் மரபு வேறுபாடு, தடம் அல்ல. முதலில் 95%, மாற்றியதில் 5% என்று புரண்டால்தான் தடம். ஒரு கலப்பை மட்டும் வைத்து முடிவு சொல்பவர்கள் வழுக்குவது இங்கேதான்.

மகரந்தம் சேர்ந்து 14 நாள் வாக்கில் கருவூணைப் பிரிக்கும்போது கனித்தோல் துணுக்கு ஒட்டிக்கொண்டால், அது முழுக்கத் தாய்த்திசு என்பதால், தாய்ப்படியின் பங்கு பொய்யாக ஏறும். இரு வரிசைகளுக்கும் இடையே டிஎன்ஏவில் ஓர் எழுத்தாவது வேறுபடாத மரபணுவில் எந்தப் படி பேசுகிறது என்று பிரிக்கவே முடியாது.

ஆர்1இன் எல்லா அல்லீல்களும் தடம் காட்டுவதில்லை. எனவே கலைச்சொல் பதிவில் இப்படிப் போடலாம்: ‘பெற்றோர்த்தடம்: ஒரே அல்லீல், தாய்வழி வந்தால் ஒரு மாதிரியும் தந்தைவழி வந்தால் வேறு மாதிரியும் வெளிப்படுதல்; படி எண்ணிக்கையால் வரும் வேறுபாடு இதில் சேராது.’