நித்யா மேனன் படத்துல அப்பாவோட உட்கார்ந்து பார்க்கற மாதிரி எது?

பாகான்காரி எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும், ஒரு ஹெல்ப் வேணும். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இப்பதான் ஆஸ்பித்திரில இருந்து பட்டர்வொர்த் வீட்டுக்கு கூட்டிட்டு வந்திருக்கோம். பரவால்ல, நடக்கறாரு, இடது கை மட்டும் இன்னும் சரியா வரல, பேச்சு மெதுவா தெளிவாகிட்டு வருது. ஆனா மூஞ்சில ஒரு சந்தோஷமே இல்ல, நாள் பூரா டீவில நியூஸ் மட்டும் ஓடுது, அதையும் பார்க்கற மாதிரி தெரியல. அதனால சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து நல்லதா ஒரு லவ் படம், சிரிக்கற மாதிரி படம் பார்க்கலாம்னு யோசிச்சோம். அம்மாவுக்கு நித்யா மேனன்னா உசிரு, மெர்சல்ல அந்த பிளாஷ்பேக்ல வந்து செத்துப்போகுமே அதுக்கு இன்னும் மனசு ஆறல அவங்களுக்கு. அண்ணி சீன பொண்ணு, தமிழ் பொறுமையா பேசினா புரிஞ்சிக்கும், படத்துல வேகமா பேசினா மலாய் சப்டைட்டில் வேணும்.

வெட்டு குத்து வேணாம், ஆஸ்பித்திரி சீன் முடிஞ்ச அளவு வேணாம், அப்பா அம்மா பக்கத்துல உட்கார்ந்து நெளியற மாதிரியும் வேணாம். தமிழ், மலையாளம், தெலுங்கு எதுவா இருந்தாலும் சரி. எது முதல்ல போடலாம் சொல்லுங்க பிளீஸ்.

செந்தூல் பையன்:

சிஸ், யோசிக்கவே வேணாம், திருச்சிற்றம்பலம். 2022 ஆகஸ்ட்ல வந்தது, மித்ரன் ஜவஹர் டைரக்‌ஷன், அனிருத் பாட்டு. தனுஷ் சாப்பாடு டெலிவரி பண்ற ஆளு, சண்டை போடாத தனுஷ், பயந்த சுபாவம். அதே கட்டடத்துல இருக்கற ஃப்ரெண்டு ஷோபனாதான் நித்யா மேனன். கதையா சொன்னா ஒரு வரிதான், பக்கத்துலயே இருக்கற பொண்ண விட்டுட்டு இவன் வேற ரெண்டு பொண்ணுங்க பின்னாடி போறான். ஆனா அவன் இன்னொரு பொண்ண பத்தி வாய் ஓயாம பேசும்போது நித்யா மேனன் மூஞ்சிய மட்டும் பாருங்க, கிண்டல் பண்ணுது, ஐடியா குடுக்குது, சிரிக்குது, அந்த சிரிப்புக்குள்ளயே அவ்ளோ ஆசையும் இருக்கு, டைலாக்ல ஒண்ணுமே சொல்லாது, நமக்கு மட்டும் தெரியும் அவனுக்கு தெரியாது. நான் கேஎல்ல தியேட்டர்ல பார்த்தேன், இண்டர்வெல்ல பக்கத்துல இருந்த ஆன்ட்டிங்க எல்லாம் தனுஷ திட்டிட்டு இருந்தாங்க, பொண்ணு பக்கத்துலயே நிக்குது இவனுக்கு கண்ணு தெரியலயான்னு. பாரதிராஜா தாத்தாவா வராரு, அவரும் தனுஷும் பேசிக்கற சீன் எல்லாம் நம்ம வீட்டு தாத்தா பேரன் பேசிக்கற மாதிரியே இருக்கும்லா.

சுங்கை நிபோங் அக்கா:

தம்பி சொன்ன படம் நல்ல படம்தான், எனக்கும் ரொம்ப பிடிக்கும், ஆனா பாகான் தங்கச்சி போடறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சிக்கணும். அதுல அப்பாவா வர்ற பிரகாஷ் ராஜுக்கு பாதில ஸ்ட்ரோக் வரும்மா. விழுந்துருவாரு, படுத்த படுக்கையா இருப்பாரு. தெரியாம போட்டு அப்பா திடீர்னு அத பார்த்தாருன்னா கஷ்டம்.

நான் ஆஸ்பித்திரில பிசியோ பக்கம் வேலை செய்றேன் அதனால சொல்றேன். ஸ்ட்ரோக் வந்தவங்க சில பேருக்கு அழுகை சட்டுனு வந்துரும், அடக்க முடியாது, சிரிப்பும் அப்படித்தான் வரும், மூளைல அடிபட்ட எடத்தால வர்றது அது, மனசு ஒடஞ்சி போச்சின்னு வீட்டுக்காரங்க பயந்துருவாங்க. படம் பார்க்கும்போது அப்பா அழுதா டீவிய அடிச்சி அமர்த்தாதீங்க, கொஞ்ச நேரம் விட்டா அடங்கிரும். அதே மாதிரி சீக்கிரம் அசந்துருவாங்க, ரெண்டரை மணி நேரம் ஒரேயடியா உட்கார வைக்காதீங்க, இண்டர்வெல் வரைக்கும் சனிக்கிழமை, மிச்சம் ஞாயித்துக்கிழமை சாயந்தரம்னு பிரிச்சிக்குங்க. அப்புறம் மூஞ்சில சந்தோஷம் இல்லன்னு சொன்னீங்களே, அத டாக்டர் கிட்ட அடுத்த அப்பாயின்மென்ட்ல கட்டாயம் சொல்லுங்க, ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் டிப்ரெஷன் வர்றது நிறைய பேருக்கு நடக்கறது, அதுக்கு மருந்து இருக்கு, படம் மட்டும் போதாதும்மா.

இவ்ளோ சொல்லிட்டு இன்னொண்ணும் சொல்றேன். அந்தப் படத்துல அப்பனும் மகனும் வருஷக்கணக்கா பேசிக்க மாட்டாங்க, அப்பா விழுந்த பிறகு மகன்தான் பார்த்துப்பான், அங்கதான் ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த கோவம் கரையும். எங்க கிட்ட வர்றவங்க நிறைய பேர் வெளிய சொல்லாத ஒரு பயம், பிள்ளைங்களுக்கு பாரமா ஆயிட்டோமோங்கறதுதான். அப்பா மனசு கொஞ்சம் தெளிஞ்ச பிறகு, கதைய முன்னாடியே சொல்லி, பார்க்கறீங்களான்னு கேட்டுட்டு போடுங்க. முதல் வாரம் மட்டும் வேணாம்.

பாகான்காரி:

அக்கா ரொம்ப ரொம்ப நன்றி, இது தெரியாம போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னே தெரியல. அழுகை விஷயம் நீங்க சொன்னது அப்படியே எங்க வீட்ல நடக்குது, தம்பி மகன் போன்ல பேசினா கூட அழறாரு, நாங்க எல்லாம் உள்ளுக்குள்ள பயந்துட்டு இருந்தோம். டாக்டர் கிட்ட கண்டிப்பா சொல்றேன். சரி, அப்ப முதல் வாரத்துக்கு எது போடலாம்? ஓ காதல் கண்மணி ஓகேவா?

பிறை டீச்சர்:

ஓ காதல் கண்மணி 2015ல வந்தது, மணிரத்னம், பி.சி. ஸ்ரீராம் கேமரா, ரஹ்மான் பாட்டு, பார்க்க அவ்ளோ அழகா இருக்கும். ஆனா பாருங்கம்மா, அதுலயும் நோய் இருக்கு. மும்பைல அந்த பையனும் பொண்ணும் தங்கற வீட்ல பிரகாஷ் ராஜ், அவர் மனைவியா லீலா சாம்சன், அந்த அம்மாவுக்கு அல்சைமர். ஞாபகம் போயிட்டே இருக்கும், புருஷன்தான் சமைச்சி குடுத்து முடி வாரி விட்டு எல்லாம் பார்த்துப்பாரு. கல்யாணமே வேணாம்னு சேர்ந்து இருக்கற இளசுங்க ரெண்டும் இத தினமும் பார்க்குதுங்க, படத்தோட அசல் காதல் கதை அதுதான். அப்பா அம்மா பக்கத்துல கல்யாணம் பண்ணாம சேந்து இருக்கறது கொஞ்சம் நெளிய வைக்கலாம், ஆனா ஆபாசமா எதுவும் கிடையாது.

எனக்கு நித்யா மேனன புடிச்சதே அந்த வீட்டு சீன்லதான். வீட்ல தங்க அனுமதி வேணும், அந்த அம்மா பழைய கர்நாடக சங்கீத பாடகி, இந்த பொண்ணு மலர்கள் கேட்டேன் பாட்டு பாடும், சித்ரா குரல். பாடும்போது நித்யா மேனன் கண்ணு அந்த அம்மா மேலயே இருக்கும், ஹீரோ பக்கம் கூட போகாது. நான் கவனிச்ச வரைக்கும் இந்த பொண்ணு பெரியவங்களோட வர்ற சீன்லதான் ரொம்ப நல்லா நடிக்குது, திருச்சிற்றம்பலத்துல பாரதிராஜாவோட பேசற சீன் எல்லாமும் அப்படித்தான். மத்த ஹீரோயின்களுக்கு படத்துல பெரியவங்கன்னா ஆசீர்வாதம் வாங்கற ஆளு, இதுக்கு மட்டும் பேச்சுத் துணை.

அதனால அப்பாவுக்கு இது ரெண்டாவது வாரத்துக்கு. நோயே இல்லாம வேணும்னா நித்யா மேனன் படத்துல தேடறது கஷ்டம், உண்மைய சொல்லிடறேன்.

நைட் ஷிப்ட் பாயான் லெப்பாஸ்:

2025 ஜனவரில வந்த காதலிக்க நேரமில்லை இருக்கே, ரவி மோகன் கூட, கிருத்திகா உதயநிதி டைரக்‌ஷன், ரஹ்மான் பாட்டு. நோய் எதுவும் கதைல பெருசா இல்ல. ஆனா தனியா இருக்கற பொண்ணு டோனர் மூலமா புள்ள பெத்துக்கற கதை, உங்க வீட்ல அப்பா அம்மா எப்படி எடுத்துப்பாங்கன்னு பார்த்துக்குங்க. உங்க அண்ணிக்கு பிடிக்கும்னு நெனைக்கிறேன்.

பத்துமலை அங்கிள்:

மகளே, அந்த பேரு கேட்டதும்தான் ஞாபகம் வருது, அதே பேருல 1964ல ஸ்ரீதர் எடுத்த காதலிக்க நேரமில்லை இருக்கே, அத போடு முதல்ல! நித்யா மேனன் இல்லதான், பரவால்ல. அப்பா வயசு எனக்கு கிட்டத்தட்ட இருக்கும்னு நெனைக்கிறேன், எங்க காலத்து ஆளுங்களுக்கு அந்தப் படம் பாதி மனப்பாடம். ஒரு சாவு கிடையாது, வில்லன் கிடையாது, நோய் கிடையாது. ரவிச்சந்திரனுக்கும் காஞ்சனாவுக்கும் அதான் முதல் படம், முத்துராமன், ராஜஸ்ரீ, விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டு ஒவ்வொண்ணும் தங்கம். நாகேஷ் சினிமா எடுக்கப் போறேன்னு ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்னு கம்பெனி வச்சிக்கிட்டு அப்பன் பாலையாவுக்கு பேய்க்கதை சொல்லுவாரே, சத்தம் எல்லாம் வாயாலயே குடுத்து, பாலையா பயந்து மூஞ்சி மாறிட்டே போகும் பாரு, அந்த சீனுக்கு சிரிக்காத தமிழன் இருக்கானா.

பேச்சு வர கஷ்டப்படறாருன்னு சொன்னியே, பழைய பாட்டு வந்தா கூட சேர்ந்து பாட விடு. பேச்சு திக்கற ஆளுங்க சில பேரு பாட்டுனா வார்த்தை தடையில்லாம வந்துருது, எங்க கோயில்ல தேவாரம் பாடற ஒருத்தர் அப்படித்தான் தேறி வந்தாரு. பிசியோ அம்மாவும் இத சொல்லுவாங்க கேட்டுப்பாரு.

சுங்கை நிபோங் அக்கா:

அங்கிள் சொல்றது சரி. ஸ்பீச் தெரபில பாட்டு வச்சி பயிற்சி குடுக்கறதே உண்டு. எல்லாருக்கும் வேலை செய்யும்னு சொல்ல முடியாது, ஆனா அப்பாவுக்கு பாட்டு பிடிக்கும்னா தெரபிஸ்ட் கிட்ட கேளுங்க. முதல் வாரத்துக்கு அந்தப் படமே போடுங்கம்மா.

கிள்ளான் விமர்சகன்:

எல்லாரும் நித்யா மேனன தூக்கி வச்சி பேசறீங்க, நானும் ரசிகன்தான், ஆனா திருச்சிற்றம்பலத்துக்கு தேசிய விருது குடுத்தது எனக்கு இன்னும் ஏத்துக்க முடியல. அதே வருஷம் சாய் பல்லவி கார்கில நடிச்சது என்னா நடிப்பு, அதுக்கு குடுக்காம ஒரு ஜாலி படத்துக்கு குடுத்தாங்க. பக்கத்து வீட்டு பொண்ணா வந்து போறதுக்கு எதுக்கு விருது?

பிறை டீச்சர்:

கார்கி பெரிய படம், சாய் பல்லவிக்கு குடுத்திருந்தாலும் நான் கை தட்டியிருப்பேன். ஆனா வந்து போறதுன்னு சொல்றத மட்டும் ஒத்துக்க மாட்டேன். அழற சீன்ல நடிகைக்கு மியூசிக் ஒதவும், கேமரா கிட்ட வரும், டைலாக் இருக்கும், எல்லாமும் சேர்ந்து நம்மள அங்க தள்ளும். ஜாலி படத்துல மொட்டை மாடில நின்னு சும்மா பேசற சீன்ல ஒதவிக்கு யாரு இருக்கா? கொஞ்சம் கூட பண்ணா லூசு பொண்ணு ஆயிரும், நம்ம சினிமால எத்தனை லூசு பொண்ணு பார்த்துட்டோம், துள்ளறதும் குழந்தை குரல்ல பேசறதும், ஹீரோ வந்து திருத்தறதும். கொஞ்சம் கம்மியா பண்ணா அந்த பொண்ணு இருந்ததே ஞாபகம் இருக்காது. ஷோபனா அந்த ரெண்டுலயும் விழல. இத்தனைக்கும் ஹீரோ பக்கம்தான் கதை மொத்தமும் போகுது, ஷோபனாவுக்குன்னு தனியா எழுதின சீன் ரொம்ப கம்மி, மிச்சத்த அந்த பொண்ணு மூஞ்சியால எழுதியிருக்கு. லேசான படத்துக்கு நடிப்பு விருது கிடைக்கறது நம்ம ஊர்ல எத்தனை தடவை நடந்திருக்கு சொல்லுங்க. கிடைச்ச ஒரு தடவைய ஏன் பிடுங்கறீங்க.

செந்தூல் பையன்:

டீச்சர் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமே இல்ல.

பாகான் சிஸ், நீங்க தனியா பார்க்கறதுக்கு அல மொதலைந்தி தேடி பாருங்க, 2011 தெலுங்கு, நானியோட, நந்தினி ரெட்டி டைரக்‌ஷன். நித்யா மேனன் சொந்த குரல்ல பாட்டும் பாடியிருக்கும் அதுல. மலையாளத்துல உஸ்தாத் ஹோட்டல், 2012, துல்கர் சல்மான், திலகன், கோழிக்கோட்டு பிரியாணி கதை, பசியோட மட்டும் உட்காராதீங்க. நித்யா மேனன் பாத்திரம் சின்னதுதான் ஆனா முதல் பாதில ராத்திரி சுத்தற சீன் எல்லாம் அவ்ளோ ஜாலி. அண்ணிக்கு சப்டைட்டில் இருக்கான்னு மட்டும் முன்னாடியே போட்டு செக் பண்ணிக்குங்க.

நைட் ஷிப்ட் பாயான் லெப்பாஸ்:

தலைவன் தலைவி யாராவது சொல்லுவாங்க, 2025 ஜூலைல வந்தது, பாண்டிராஜ், விஜய் சேதுபதி பரோட்டா மாஸ்டர், நித்யா மேனன் அவர் பொண்டாட்டி. காமெடி நல்லா இருக்கும், ஆனா படம் பூரா ரெண்டு குடும்பமும் கத்திக்கிட்டே இருக்கும், பேச்சு வேகம் வேற, உங்க அண்ணியால சப்டைட்டில கூட பிடிக்க முடியாது, அப்பாவுக்கு தலைவலி வந்துரும். இட்லி கடையும் இப்ப வேணாம், ராஜ்கிரண் அப்பாவா வந்து இறந்துருவாரு. ஜோதிகா நடிச்ச மொழி வச்சிருக்கீங்களா? 2007, ராதா மோகன். எங்கம்மா ஆபரேஷன் முடிஞ்சி படுத்திருந்தப்ப நாங்க போட்டது அதான், அவங்க கேட்டு மறுபடி மறுபடி போட்டோம். மூணாவது வாரத்துக்கு அத வைங்க.