ஒரே மூச்சில் எட்டு வரைதான் எண்ணினான்

பெகு அக்கா:
இங்கே பர்மாவில் தின்ஜான் தண்ணீர்த் திருநாள் முடிந்த வாரம் என் மகனுக்கு வயிற்றுப்போக்கு. அப்போது அவனுக்கு 7 வயது. அது நின்று பத்து நாள் கழித்துப் படியேறும்போது தடுமாறினான். மறுநாள் தரையில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து மருந்துக் கடையில் சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மொஹிங்கா குழம்பு மூக்கு வழியாக வந்தது, குரலும் மெலிந்துபோனது.

ரங்கூனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். விரலில் மாட்டிய மீட்டரில் ஆக்ஸிஜன் 97. அவனுக்கு மூச்சு இளைக்கவும் இல்லை. சரி, மூச்சுக்கு ஆபத்தில்லை என்று நினைத்துவிட்டேன். டாக்டரம்மா முழங்காலில் சுத்தியலால் தட்டினார், கால் துள்ளவே இல்லை. அப்புறம், "ஒரே மூச்சில் எண்ணு ராஜா" என்றார். காலையில் 15 வரை எண்ணினான். மாலையில் 8. மூச்சின் பலம் குறைகிறது என்று உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்.

நோயின் பெயர் கில்லன்-பாரே. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி நரம்புகளையே தாக்கிவிடுகிறது. நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை. மூச்சை இழுக்கும் தசைகளுக்குப் போகிற நரம்புதான் செயலிழந்தது. தசை தளர்ந்த பிள்ளைக்கு இளைக்கக்கூடத் தெம்பு இருக்காது, ஆக்ஸிஜன் இறங்கட்டும் என்று காத்திருந்தால் பிந்திவிடும் என்றார். 12 நாள் வென்டிலேட்டரில் கிடந்தான். இம்யூனோகுளோபுலின் மருந்துக்குத் தாலிக்கொடியை விற்றோம். இப்போது ஓடுகிறான், மாடிப்படிக்கு மட்டும் கைப்பிடி வேண்டும்.

மோல்மேன் தம்பி:
அக்கா, என் அண்ணன் மகளுக்கு அப்போது 3 மாதம். சளி என்று இரண்டு இடத்தில் நெபுலைசர் வைத்தார்கள், கேட்கவில்லை. மூச்சை இழுக்கும்போது வயிறு உப்பும், நெஞ்சு உள்ளே போகும். அழுதால் பூனைக்குட்டிச் சத்தம்தான். கைகால் துணி மாதிரித் துவண்டு கிடக்கும். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் சட்டையைக் கழற்றச் சொன்னார். நாக்கில் புழு நெளிவது போன்ற துடிப்பையும் அவர்தான் எங்களுக்குக் காட்டினார். எஸ்.எம்.ஏ., முதுகுத்தண்டு நரம்பணுக்கள் அழிவதால் வரும் தசைநலிவு. பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறை. பாப்பா 9 மாதம்தான் இருந்தாள்.

தாட்டோன் அம்மா:
என் மகள் 2 வயதில் வீறிட்டு அழுவாள், அப்படியே மூச்சு நின்று நீலம் பாரித்து மயங்குவாள். அரை நிமிடத்தில் தெளிந்துவிடுவாள். வலிப்பு என்று பயந்தோம். இதயத் துடிப்பைப் பதிவெடுத்துப் பார்த்து, ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். 4 வயதில் நின்றுவிட்டது.

பெகு அக்கா:
தம்பி, அண்ணி இப்போது எப்படி இருக்கிறார்? பெகு பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் நாலு நாள் தங்கச் சொல்லுங்கள்.