இரணைமடு வான்கதவுகளுக்கு ஒரு முடிவு மரம்: தரவும் ஆலோசனையும் தேவை

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை (மிஞ்சின தண்ணியை வெளியே விடும் கதவுகள்) எப்போது, எவ்வளவு திறக்கலாம் என்று சொல்ல உதவும் மாதிரியொன்றை இயந்திரக் கற்றல் மூலம் செய்துகொண்டிருக்கிறேன். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். பிந்தித் திறந்தால் கீழே ஊர் மூழ்கும். முந்தித் திறந்து, பிறகு மழை பொய்த்தால் சிறுபோகப் பயிருக்குத் தண்ணி இல்லை.

நியூரல் நெட்வொர்க்கை (கணிப்பைத் தரும், ஆனால் ஏன் என்று லேசில் காட்டாத மாதிரி) விட்டு முடிவு மரத்தை (decision tree, கேள்வி கேள்வியாகக் கிளை பிரிந்து முடிவுக்கு வரும் மாதிரி) எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. குள மட்டம் இவ்வளவு, கனகராயன் ஆற்றின் மேற்பகுதியில் மழை இவ்வளவு என்றால் கதவை இத்தனை அடி உயர்த்து என்று அது விதியாகவே தரும். நடுச்சாமம் கதவடியில் நிற்கிறவர் அதை வாசித்துச் சரிபிழை பார்க்கலாம். காரணம் சொல்லாத கணிப்பை நம்பி ஆரும் கதவு திறக்கக்கூடாது.

சிக்கல் என்னவென்றால், வெள்ள நாட்கள் மிகக் குறைவு. எல்லா நாளையும் சேர்த்துப் பழக்கினால் "மூடியே வை" என்று சொல்லியே மரம் நல்ல புள்ளி வாங்கிவிடும். ஆழமாக வளரவிட்டால் பழைய வெள்ளங்களை மனப்பாடம் செய்யுது. வெள்ள நாட்களுக்குக் கூடுதல் நிறை கொடுப்பதா, ரேண்டம் ஃபாரஸ்டுக்கு (பல முடிவு மரங்களின் பதிலைச் சேர்த்து முடிவெடுக்கும் முறை) போவதா? நாட்களைக் கலைத்துப் பிரிக்காமல் ஒரு முழு வெள்ளத்தையே சோதனைக்கு ஒதுக்குவது சரிதானே? அனுபவமுள்ள அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கோ.

மாங்குளம், கனகராயன்குளம் பக்கம் மணித்தியால மழைப் பதிவு வைத்திருப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து உள்பெட்டிக்கு வாங்கோ. கையெழுத்துக் கொப்பியின் படம் என்றாலும் போதும், நானே தட்டச்சு செய்கிறேன்.