அம்மாவின் அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு: ‘ரூல் ஆஃப் லா’ கேள்வியும் ஜூரி பயமும்

அஸ்தம்பட்டிவாசி:
அம்மாவுக்கு 68 வயது, கிரீன் கார்டு வாங்கி 8 வருஷம். இப்போது சேலத்தில் இருக்கிறார். திரும்பப் போனதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். 65 தாண்டினால் தேர்வைத் தமிழிலேயே சொல்லலாம் என்கிறார்களே, சரியா? ‘ரூல் ஆஃப் லா’ என்று கேட்டால் என்ன பதில்? அப்புறம், கோர்ட்டுக்கு ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்களில் ஒருவராக, வரச் சொல்வார்களாம். கோர்ட் படியே ஏறாதவர், இப்போதே பயப்படுகிறார்.

ஐந்துரோடு:
வயது மட்டும் போதாது. தமிழில் பதில் சொல்ல 50 வயதோடு 20 வருஷ கிரீன் கார்டு, இல்லையென்றால் 55 வயதோடு 15 வருஷம் வேண்டும். 65 என்பது 20 வருஷம் ஆனவர்களுக்குக் கேள்விப் பட்டியலைக் குறைக்கும் சலுகை. அம்மாவுக்கு 8தான், ஆகவே இங்கிலீஷ்தான். மறதி நோய் மாதிரி ஏதாவது இருந்தால், விலக்குக் கேட்க டாக்டர் நிரப்பும் என்-648 படிவம் உண்டு.

2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பட்டியலில் 128 கேள்வி. வாய்மொழியாக 20 வரை கேட்பார்கள், 12 சரியானால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பழைய 100 கேள்வி வீடியோவை வைத்துப் படிக்க வேண்டாம்.

‘ரூல் ஆஃப் லா’வுக்கு ‘நோ ஒன் இஸ் அபவ் த லா’ என்றால் முடிந்தது. பொருளையும் சொல்லிக்கொடுங்கள்: சட்டம் போடுகிற அரசாங்கமும், ஜனாதிபதியும்கூட, அந்தச் சட்டத்துக்குள்தான். புரிந்துவிட்டால் வார்த்தை மாறினாலும் தடுமாற மாட்டார்.

சேர்வராயன்:
தேர்வை விட நாள் கணக்கில்தான் பலர் மாட்டுகிறார்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய 5 வருஷத்தில் 913 நாளாவது அங்கே இருந்திருக்க வேண்டும். வருஷத்தில் பாதி சேலம் என்றால் அந்த எண்ணிலேயே போய் இடிக்கும். ஒரே பயணம் 180 நாளைத் தாண்டினாலும் தொடர்ந்து வசிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஆடி 1-க்கு வந்து கோட்டை மாரியம்மன் பண்டிகை பார்த்து, பொங்கல் வைத்துவிட்டுக் கிளம்பினாலே 180 தாண்டிவிடும். மார்கழியிலேயே அனுப்பிவையுங்கள், அடுத்த வருஷமும் பொங்கல் வரும்.

லேடீஸ்சீட்:
ஜூரிக்கு வருகிறேன். கிரீன் கார்டில் இருக்கும்வரை அவர் ஜூரி ஆக முடியாது. தவறிப்போய் படிவம் வந்தாலும் ‘குடிமகள் இல்லை’ என்று குறித்து அனுப்பணும். வாக்காளர் பதிவிலும் இதே கவனம் வேண்டும். குடிமகள் என்று தவறாகக் குறித்தால் நாடு கடத்தல்வரை போகும்.

குடியுரிமை வந்தபின் ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட் அனுப்பும் ஜூரித் தகுதிக் கேள்வித்தாளை 10 நாளுக்குள் நிரப்பணும். அவரால் முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் நிரப்பி, நிரப்பியது யார், ஏன் என்று எழுதலாம். படிவத்தை நிரப்பும் அளவுக்கு இங்கிலீஷ் வராதவர்களைத் தகுதியில்லை என்று விட்டுவிடுவார்கள். 70 தாண்டியவர் கேட்டால் பல கோர்ட்டுகளில் விலக்கு கிடைக்கும். ஊரில் இருக்கும்போது சம்மன் வந்தால் தேதி தள்ளிக் கேட்கலாம். கடிதத்தைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் போட்டுவைப்பதுதான் ஆபத்து, 1,000 டாலர்வரை அபராதம், 3 நாள்வரை சிறைகூட உண்டு. ‘ஜூரிக்கு வரவில்லை, கிஃப்ட் கார்டில் பணம் கட்டு’ என்று போன் வந்தால் அது மோசடி.

ஐந்துரோடு:
பயத்துக்கு ஒரு வார்த்தை. ஜூரிக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அதை நீதிபதி சொல்வார். சாட்சி சொல்வது நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நம் ஊரிலும் ஜூரி இருந்தது. 1959 நானாவதி வழக்கோடு (பம்பாயில் ஒரு கடற்படை அதிகாரி மேல் நடந்த கொலை வழக்கு) ஒழிந்தது என்பார்கள், முழுதாகப் போனது 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான்.

அஸ்தம்பட்டிவாசி:
நன்றி. பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து இன்றைக்கே நாள் எண்ணுகிறேன்.

சேர்வராயன்:
அமெரிக்காவிலிருந்து கிளம்பிய நாளும் திரும்பப் போய் இறங்கிய நாளும் அங்கே இருந்த கணக்கில் சேரும். விட்டுவிடாதீர்கள்.